சாம்பிராணி ஏறிய உயரம்

மன்னார்த் தீவில் மனிதர் குடியேறிய நாள்முதல் இன்றுவரை, ஒரு பொருளைக் கடலுக்கோ வானத்துக்கோ அனுப்பும்போது கடவுளுக்கு முன்னறிவித்தல் கொடுக்காத முதலாவது மனிதன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வரலாற்றுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பேசாலை. இங்கே புதுப் படகு இறங்கினால் மந்திரிப்பு. புது வலைக்கு மந்திரிப்பு. பழைய எஞ்சினைத் திருத்தி மாட்டினால் அதற்கும். சுவாமியாருக்கு நேரம் இல்லாத நாட்களில் மூப்பர் சிங்கராசா வருவார். கோயிலில் மெழுகுதிரி முதல் மணிக்கயிறு வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர். வந்து தூபக்காலை மூன்று முறை ஆட்டுவார். சாம்பிராணிப் புகை படகின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தை, ஒரு சுற்றுச் சுற்றியதும், அதே இடத்தில் வலக்கைப் பெருவிரலால் ஒரு சிலுவை போடுவார். பிறகுதான் படகு நனையும். என் மச்சான் மோட்டார்சைக்கிள் வாங்கியபோதும் மூப்பர் வந்தார். அதற்கு அணியம் இல்லை. நன்றாக யோசித்துவிட்டு முன்விளக்கில் போட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பவன். பெருவிரலுக்கு அலகு கிடையாது என்பது என் நிலைப்பாடு. அலகு இல்லாதது எதற்கும் நான் முழங்காலிடுவதில்லை. விடுதியில் இதைப் பலமுறை விளக்கி, இரண்டு பேரை ஏறக்குறைய நம்பவைத்தும் இருக்கிறேன். அவர்களில் ஒருவன் பரீட்சைக்கு முதல் நாள் மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்தான். மற்றவன் இன்னும் உறுதியாக இருக்கிறான், அவன் பரீட்சைக்கே வருவதில்லை.

இந்த ஜனவரியில் எங்கள் விரிவுரையாளர் டிலோஜினி மிஸ், பலூன்களோடு மன்னாருக்கு வந்தார். அவருடைய ஆய்வு மேல் வளிமண்டலத்தில் மிதக்கும் நுண் துணிக்கைகளைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணிக்கைகளை உயரம் உயரமாக எண்ணவேண்டும். எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்கவேண்டும். இருபது கிலோமீற்றர் உயரத்தில், எங்கோ வெடித்த எரிமலைகளின் மிச்சம் மெல்லிய படலமாக உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். மிஸ்ஸுக்கு வேண்டியது அது. ஊர்க்காரன் என்ற ஒரே தகுதியில் நான் உதவியாளன் ஆனேன்.

கருவி ஒரு றெஜிபோம் பெட்டிக்குள் இருந்தது. மீனுக்கு ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற அதே வகைப் பெட்டி, கொஞ்சம் சிறியது. உள்ளே ஒரு சின்னப் பம்பி காற்றை உறிஞ்சும். காற்று ஓர் ஒளிக்கற்றையைக் கடக்கும்போது ஒவ்வொரு துணிக்கையும் ஒரு கணம் மினுங்கும். மினுக்கங்களை எண்ணி, எண்ணிக்கையை வானொலி அலையில் எங்கள் மடிக்கணினிக்கு அனுப்பும். காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் ஒரு சிவப்பு ரப்பர் மூடி. அதைக் கழற்றுவதுதான் பலூனை விடுவதற்கு முந்திய கடைசி வேலை. அந்த வேலை என்னுடையது.

மொத்தம் இரண்டு பெட்டிகள். ஒன்று இப்போதைக்கு, மற்றது காற்று மாறிய பிறகு, ஏப்ரலுக்கு.

இனி அன்ரோனெற் மாமி. என் அப்பாவின் தங்கச்சி. கரையில் அட்டை வாடி வைத்திருக்கிறார். கடலட்டையைப் பெரிய சட்டிகளில் அவித்து, சுரண்டி, மறுபடி அவித்து, காயவைத்து விற்பது தொழில். ஆறு விறகடுப்பு, பதினொரு பெண்கள். மன்னாரில் யாரும் அட்டை தின்பதில்லை. தின்கிறவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். புகை மட்டும் எங்களுக்கு.

அந்தப் புகைதான் பிரச்சினை. வாடிக்குப் பக்கத்துக் கரையில் உல்லாச விடுதி கட்ட ஒரு நிறுவனம் வந்திருந்தது. தை மாதத்தில் தீவின்மேல் படியும் மங்கலான மூட்டத்துக்குக் காரணம் அட்டை வாடிகளே என்று அதன் நிபுணர் அறுபத்துநான்கு பக்க அறிக்கை எழுதினார். அறிக்கையைத் தொடர்ந்து அரசாங்கக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை, காரணம் காட்டத் தவறினால் வாடி அகற்றப்படும், மாற்றிடமாக முருங்கனில் காணி தரப்படும். முருங்கனில் கடல் இல்லை என்பதைக் கடிதம் குறிப்பிடவில்லை.

மாமி கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, அடுப்பு ஊதும் குழாயை அதன்மேல் பாரமாக வைத்தார். பிறகு நேரே மிஸ்ஸிடம் வந்தார்.

"மிஸ், உங்கட பெட்டி மேல போகேக்குள்ள கீழையும் எண்ணிக்கொண்டுதானே போகும்?"

"ஓம் அக்கா. நிலத்தில இருந்தே எண்ணும். ஆனா எங்களுக்கு வேண்டியது இருவது கிலோமீற்றர்."

"உங்களுக்கு இருவது. எனக்கு முதல் ரெண்டு. என்ர வாடியில இருந்து விடுங்கோ, ரெண்டு பேருக்கும் காணும்."

கந்தோரில் இந்த விசாரணைக் கோவையைப் பார்ப்பவர் அஸ்மி, கொண்டச்சிக்காரர். அவர் வாடிக்கு வந்து ஒரு பெட்டிப் பலகையில் அமர்ந்து கணக்கைத் தெளிவாகச் சொன்னார்.

"அக்கா, இதில ஒளிப்பு மறைப்பு இல்லை. புகை ஆகக்கூட இருக்கிறது ஐந்நூறு மீற்றருக்குக் கீழை எண்டால், அது உங்கட அடுப்புத்தான். வாடி போகும். அதுக்கு மேலை எண்டால் அது வேற எங்கேயோ இருந்து வாறது. கடிதம் திரும்பிப் போகும். எண் எதுவோ அதை நான் எழுதுவன்."

"எழுதுங்கோ தம்பி," என்றார் மாமி. "உங்கட பேனையில எனக்குப் பயமில்லை."

சனிக்கிழமை காலை வாடிக் கரையில் முதற் பலூன். மிஸ் படங்கு மறைப்புக்குள் பலூனுக்கு வாயு ஏற்றிக்கொண்டிருந்தார். வெளியே மேசையில் பெட்டி. நான் காவல். மாமி ஏற்கெனவே ஆளனுப்பியிருந்தபடியால் மூப்பர் தூபக்காலோடு வந்து சேர்ந்தார். கரையை விட்டுப் போகும் பொருள், மந்திரிக்காமல் எப்படி?

நான் தடுத்திருக்கலாம். தடுக்காததற்குக் காரணம் விஞ்ஞான ஆர்வம் அல்ல. எங்கள் பீடத்தின் முகநூல் பக்கத்தில் போட ஒரு காணொளி வேண்டியிருந்தது. தலைப்புக்கூட வைத்துவிட்டேன்: 'மேல் வளிமண்டல ஆய்வு, முதற் கட்டம்.' சிவப்பு மூடி படத்தில் கண்ணை உறுத்தியது. கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"மூப்பர், புகை படத்தில விழேல்லை. இன்னொருக்கா ஆட்டுங்கோ."

ஆட்டினார்.

"இன்னும் கிட்ட. இந்தக் குழாய்ப் பக்கம்."

"இவ்வளவு பக்தி உனக்கு எப்ப வந்தது, தம்பி?" என்று கேட்டபடி கிட்ட வந்தார். நான்கு முறை ஆட்டுவித்தேன். பிறகு அவர் பெட்டியின் எந்தப் பக்கம் அணியம் என்று தேடித் தடுமாறியதையும், கடைசியில் ஒரு மூலையில் சிலுவை போட்டதையும் அண்மைக் காட்சியாக எடுத்தேன்.

பலூன் ஏறியது. மடிக்கணினியில் எண்கள் வந்தன. நிலத்தில் மூவாயிரத்து எண்ணூறு. ஒரு கிலோமீற்றரில் மூவாயிரத்து எண்ணூறு. பத்தில் மூவாயிரத்து எண்ணூறு. எரிமலைப் படலம் இருக்கவேண்டிய இருபதிலும் அதே எண், ஒற்றை குறையாமல். இருபத்தெட்டில் பலூன் வெடித்துப் பெட்டி கடலுக்குப் போனது. மிஸ் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"றொட்னி, மூடி எப்ப கழட்டினீர்?"

"கொஞ்சம் முந்தி, மிஸ்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"இருவத்திமூண்டு நிமிசம்."

"சாம்பிராணிப் பிசின் உள்ள கண்ணாடியில படிஞ்சிட்டுது. அது தன்ர கண்ணில கிடந்த தூசியையே இருவத்தெட்டு கிலோமீற்றர் மட்டும் எண்ணிக்கொண்டு போயிருக்கு."

குறிப்பேட்டில் நான் எழுதினேன்: 'வெளியாரின் புகையால் கருவி மாசடைந்தது.' மிஸ் அதை ஒரு கோட்டால் வெட்டினார். "வெளியார் எண்டது ஆர்?" என்று கேட்டு, பேனையைத் திரும்ப என் கையில் தந்தார். நான் மறுபடி எழுதினேன்: 'மூடியை றொட்னி 23 நிமிடம் முந்திக் கழற்றினார். புகையை றொட்னி நான்கு முறை கேட்டு வாங்கினார்.' என் வாழ்க்கையில் என்னைப் பற்றி வந்த மிகச் சுருக்கமான விமர்சனம் அது. எழுதியதும் நானே.

மூப்பர் தூரத்தில் நின்று கேட்டார். "எவ்வளவு உயரம் போனது?"

"இருவத்தெட்டு கிலோமீற்றர்."

"என்ர சாம்பிராணியோ?" ஒரு கணம் அவர் முகத்தில் விளக்கெரிந்தது. அவ்வளவு உயரத்துக்கு வேறு எந்த மூப்பரின் சாம்பிராணியும் போனதில்லை என்பதை நானும் மறுக்கமாட்டேன். பிறகு, வாடிக்கு இதனால் என்ன வரும் என்பதை மாமி சொன்னார். விளக்கு அணைந்தது. "நான்தான் கெடுத்தனானோ, பிள்ளை?" என்று கேட்டுத் தூபக்காலை மண்ணுக்குள் கவிழ்த்தார்.

"நீங்கள் இல்லை," என்றார் மாமி, என்னைப் பார்த்துக்கொண்டு. "என்ர மருமோன் படம் எடுத்தவர்."

திங்கட்கிழமை, கந்தோருக்குப் போன எண்களைப் பார்த்துவிட்டு நிபுணர் எழுதிய கடிதம் வந்தது. வாடிப் புகை இருபத்தெட்டு கிலோமீற்றர் வரை எட்டுவதைப் பல்கலைக்கழகமே நிரூபித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். எவரெஸ்ட் மூன்றை அடுக்கினாலும் எட்டாத இடத்துக்கு, ஆறு அடுப்பையும் ஊதுகுழாயையும் வைத்துக்கொண்டு பதினொரு பெண்கள் புகை அனுப்பிவிட்டார்கள். வல்லரசுகள் கவனிக்கவேண்டிய விடயம்.

காணொளியை நான் பீடப் பக்கத்தில் போடவில்லை. மிஸ் அதை அஸ்மியிடம் கொடுத்தார், எண் எப்படிக் கெட்டது என்பதற்கு ஆதாரமாக. அஸ்மி என் குரல் கேட்கும் இடங்களில் மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்தார்.

"முதல் எண் செல்லாது எண்டு எழுதலாம்," என்றார். "ஆனா வேற எண் இல்லாமல் வெள்ளிக்கிழமை போனால் மேசையில நிபுணற்ற அறிக்கை மட்டுந்தான் கிடக்கும்."

யாரும் ஏப்ரல் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. மாமி கேட்கவில்லை; அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை. சட்டியில் இருந்து ஓர் அட்டையைக் கரண்டியால் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். 

"ஏப்ரலிலயும் வானம் இருக்கும்," என்றார் மிஸ். "பெட்டி வேற தேடுவன். புதன்கிழமை விடுவம்."

அஸ்மி எழும்பும்போது குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. புதன்கிழமை காலையில மட்டும் அடுப்பை மூட்டாமல் விட்டால் கீழை எண் குறையும்."

நல்ல மனிதர், நல்ல யோசனை. நான் தலையாட்டினேன். மாமி ஆட்டவில்லை.

"ஏன் தம்பி குறையவேணும்? நான் கள்ளக் கசிப்பே காய்ச்சிறன், மூடி வைக்கிறதுக்கு? அண்டைக்கு அணைச்சால் வெள்ளிக்கிழமை அவையள் என்ன கேப்பினம்? ஏனம்மா அணைச்சனி எண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது? இஞ்ச நாங்கள் சண்டையில ஓடி ஓடி, திரும்பித் திரும்பி வந்து மூட்டின அடுப்பு இது. ஒளிச்சுவைச்சுக் காப்பாத்தத்தான் வேணுமெண்டால் அது எனக்கு வேண்டாம்." வாடியின் மறுபக்கம் திரும்பினார். "நிறஞ்சலா! அந்த உடைஞ்ச அடுப்பைப் பூசிப்போடு. புதன்கிழமை ஏழு எரியவேணும்."

"ஏழுக்கும் அட்டை இல்லையே அக்கா," என்றாள் நிறஞ்சலா.

"தண்ணியைக் கொதிக்க வை."

நான் நடுவில் புகுந்தேன். "மாமி, இது கணக்கு. வீராப்பில்லை. கீழை ஆயிரம் வந்து மேலை எண்ணூறு வந்தால் வாடி போச்சு."

"போகட்டும். என்ர புகையாலதான் போனதெண்டால் போகட்டும். உன்ர படத்தால போகக்கூடாது."

 நான் போய் நிறஞ்சலாவுக்கு அடுப்புப் பூசக் களிமண் குழைத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை ஐந்தரைக்கே ஏழு அடுப்பும் எரிந்தன. மிஸ் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார். பெட்டியைத் திறந்த நேரத்தில் இருந்து விடும் நேரம் வரை, யார் தொட்டாலும், எதனால் தொட்டாலும், நிமிடத்தோடு குறிப்பேட்டில் ஏறவேண்டும். எனக்குக் கையுறை. மூப்பர் காற்று விலகிப் போகும் பக்கம், நூறு மீற்றர் தள்ளி, வெறுங்கையோடு நின்றார். வெறுங்கை தெரியவேண்டும் என்பதற்காக இரண்டையும் முன்னால் கோத்திருந்தார்.

"மிஸ்!" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "பெருவிரலிலயும் துணிக்கை இருக்குமோ?"

"ஓம் ஐயா. தோலில இருந்தும் உதிரும்."

"சரி, சரி. நான் வரேல்லை. நீங்கள் பயப்பிடாமல் விடுங்கோ."

ஆறேகாலுக்கு மூடியைக் கழற்றினேன். பலூன் விடப்பட்டது. ஏழு அடுப்பின் புகைக்கு நடுவால் எழும்பி, காற்றாலைகளின் உயரத்தைத் தாண்டியது. நான் மேசையில் இருந்து எண்களை உரத்து வாசித்தேன். பெண்கள் ஈரக் கைகளோடு சுற்றி நின்றார்கள். அஸ்மி பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

"நிலம், அறுநூற்றி இருவது."

மாமி அசையவில்லை.

"முந்நூறு மீற்றர், நூற்றி நாற்பது."

"குறையுதே! நல்லதுதானே?" என்றாள் நிறஞ்சலா.

நல்லதல்ல. இதுவரை ஆகக்கூடிய எண் நிலத்தில்தான் இருந்தது. மேலே அதை மிஞ்சும் ஒன்று வராவிட்டால் நிபுணரின் அறுபத்துநான்கு பக்கமும் சரி.

"ஐந்நூறு மீற்றர், நூற்றிப் பத்து. ஒரு கிலோமீற்றர், தொண்ணூற்றைஞ்சு. ஒண்டரை, தொண்ணூறு."

அடுப்பில் விறகு வெடித்தது. 

"ஒண்டு தசம் எட்டு, இருநூற்றிப் பத்து."

மிஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"ரெண்டு, நானூற்றி எண்பது. ரெண்டு தசம் ரெண்டு, எழுநூற்றி நாற்பது." வாசிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். "ரெண்டு தசம் நாலு. தொளாயிரத்திப் பத்து."

"திரும்பச் சொல்லு," என்றார் மாமி.

"தொளாயிரத்திப் பத்து, மாமி. ரெண்டரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட."

அஸ்மி எழுதினார். எழுத்தில் ஒரு அவசரமும் இல்லை. ஆனால் அடிக்கோடு இரண்டு போட்டார்.

"எங்கையிருந்து வருது உது? உயிலங்குளத்தில வைக்கல் எரிக்கிறாங்களோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லை. அந்த உயரத்தில காத்து வடகிழக்கில இருந்து வருது," என்றார் மிஸ். "வங்காள விரிகுடாவுக்கு அங்கால, பெரிய சமவெளியளின்ர புகை. குளிர்காலத்தில கடல் தாண்டி வரும். கிழமைக்கணக்கா வரும்."

மாமி வடகிழக்கைப் பார்த்தார், அங்கே யாரோ நிற்பதுபோல. "அப்ப முருங்கனுக்கு அவையளை அனுப்பச் சொல்லுங்கோ," என்றார். போய் ஏழாவது அடுப்புக்கு விறகு தள்ளினார்.

பெட்டி ஏறிக்கொண்டே இருந்தது. இருபது கிலோமீற்றரில், ஒன்றுமில்லாத இடத்தில், பூச்சியத்துக்குக் கிட்ட இருந்த எண் ஐந்துக்கு ஏறி மறுபடி குறைந்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய எரிமலை.

வெள்ளிக்கிழமை நிபுணர் ஒரு கேள்வி கேட்டார். பதிவில் ஆறு அடுப்பு. அன்று ஏழு எரிந்தது ஏன்? "ஆறு காணாதெண்டு நினைச்சன்," என்றார் மாமி. கந்தோர், கடிதத்தை மீளப் பெற்றது. மீளப் பெற்றதற்கு ஒரு கடிதம் வந்தது. அதுவும் ஊதுகுழாயின்கீழ் இருக்கிறது.

விசாரணைக்கு மிஸ்ஸின் குறிப்பேட்டுப் பிரதியும் இணைக்கப்பட்டது. ஆகவே அது இப்போது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வேறு யாராவது வாசித்துச் சொல்வதற்குமுன், புதன்கிழமைக்குரிய பக்கத்தில் ஆறேகாலுக்குச் சற்று மேலே உள்ள வரியை நானே சொல்லிவிடுகிறேன்.

மிஸ் பலூனின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாமி அடுப்பில். நூறு மீற்றருக்கு அப்பால் மூப்பர் கோத்த கைகளோடு வேறு பக்கம் பார்த்து நின்றார். பெட்டியைச் சுமந்தபடி நான் நின்றேன். என் பையில் கைபேசி இருந்தது, எடுக்கவில்லை. ஆறு பக்கம் உள்ள ஒரு பெட்டியில் எது அணியம் என்பது சனிக்கிழமை எனக்குச் சிரிப்பாக இருந்த கேள்வி. புதன்கிழமை அதற்கு விடை தெரிந்திருந்தது. காற்று வரும் பக்கம்.

'காலை 6.12. பெட்டியின் வடகிழக்குப் பக்கம். றொட்னி. வலக்கைப் பெருவிரல், சிலுவை, ஒரு தடவை. கையுறையுடன். மூடி போடப்பட்டிருந்தது.'